மக்கும் எண்ணெய்

நவம்பர் 4, செவ்வாய்

மணமகள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவில் அப்படித்தான் பலகை மாட்டியிருக்கிறது. நொச்சிக்குளத்தின் கரையை ஒட்டிய இந்தக் கல்யாண மண்டபத்தைத்தான் கம்பெனி எனக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. கண்ணாடியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பல்புகள். ஒன்றுதான் எரிகிறது.

நேற்றுச் சாயங்காலம் எங்கள் டேங்கர் கரை வளைவில் கவிழ்ந்துவிட்டது. ஓட்டுநருக்குக் கை முறிவு. பாதி எண்ணெய் குளத்துக்குள் போய்விட்டது. காலையில் தொழிற்சாலை மேலாளர் தண்டபாணி சார் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். சுற்றுச்சூழல் பிரிவில் நான் ஒருத்திதான். இட்லி மாவு அரைத்து, சாம்பார் வைத்து, எது எந்தப் பாத்திரத்தில் என்று என் கணவர் தினகருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் டிவியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

குளம் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. எங்கள் எண்ணெய், நூல் மில்களில் நூல் அறுந்துபோகாமல் இருக்கத் தடவுவது. பாமாயிலில் இருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துச் செய்கிற எஸ்டர். தண்ணீரில் கலக்க ஒரு பொருளும் சேர்த்திருப்பதால் மிதக்காமல் பாலாகக் கரைந்துவிடுகிறது.

கரையில் ஊரே நின்றது. தண்டபாணி சார் நன்றாகப் பேசினார். இது விஷம் இல்லை, சமையல் எண்ணெய்க்கு உறவுக்காரன், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், தானாக மக்கிப்போகும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்குப் படிச்சவங்க இவங்க. கேட்டுக்கங்க" என்றார்.

"ஆமாங்க, மக்கிடும்" என்றேன்.

அது உண்மை. ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனையைச் செய்தவளே நான்தான்.

நவம்பர் 5, புதன்

விடிவதற்குள் பரிசலில் போய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்தேன். லிட்டருக்கு 5.8 மில்லிகிராம், நான்குக்குக் கீழே போனால்தான் மீன் திணறும். பரவாயில்லை. இரவு முழுக்கப் பாசி மூச்சுவிடும், வெயில் இருக்காது, அதனால் விடியும் நேரத்தில்தான் குறைவாக இருக்கும். அளந்தால் அப்போதுதான் அளக்க வேண்டும்.

பரிசல் தள்ளியவர் பாவாயி. மீன் குத்தகை அவருடையது, அவருடைய கொழுந்தனார் மாரப்பனோடு கூட்டு. ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை போடுகிறவர், பேச்சு குறைவு. ரோகும் கட்லாவும் விட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் போனால் நல்ல எடை வந்துவிடுமாம், மார்கழி கடைசியில் வலை போடுவதாக இருக்கிறார்கள்.

ஒப்பந்த ஆட்கள் மரத்தூள் மூட்டைகளைக் கரை ஓரம் கட்டி மிதக்கவிட்டார்கள். கொஞ்சம் உறிஞ்சியது. மிச்சம் தண்ணீரோடு தண்ணீராகிவிட்டது.

தினகர் மாவை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. புளித்துவிட்டது என்று என்னிடம் புகார்.

நவம்பர் 6, வியாழன்

4.6.

நவம்பர் 7, வெள்ளி

தண்ணீர் தெளிகிறது. கரை ஓரத்தில் அடிமண் தெரிகிறது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, நான் சொன்னது சரிதான் என்று சொல்லிப் போனார்கள். தண்டபாணி சார் படம் எடுத்து மும்பை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

எனக்குத்தான் அந்தத் தெளிவு பிடிக்கவில்லை. தண்ணீர் தெளிகிறது என்றால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகித் தின்ன ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். தின்கிற உயிர் மூச்சும் விடும். அத்தனை எண்ணெயும் கரியமில வாயுவும் தண்ணீருமாக மாறி முடிய, அதைவிட இரண்டு மூன்று மடங்கு எடை ஆக்சிஜன் வேண்டும். அதை இந்தக் குளத்திலிருந்துதான் எடுக்கும். சோதனைக் குப்பியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே வெளியிலிருந்து காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தேன். அங்கே மீனும் இல்லை.

சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்க இறால் பண்ணைகளில் வைக்கிற காற்றுச் சக்கரம் நாலைந்து வேண்டும், அது வருவதற்குள் மீனைப் பிடித்துவிடச் சொல்லலாம் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். சக்கரத்துக்கு மும்பையில் ஒப்புதல் வாங்க வேண்டும், ஆகும்போது ஆகும் என்றார்.

"மீனைப் புடிங்கன்னு நாமளே சொன்னா, நம்ம எண்ணெய் கெடுதல்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிம்மா. நீங்க எதையும் பேச வேண்டாம். அளக்கறதோட நிறுத்திக்கங்க."

சாயங்காலம் தினகரிடமும் சொன்னேன். வேலை போய் வீட்டில் இருக்கிறவர், அவரும் ரசாயனத் தொழிற்சாலையில் இருந்தவர், புரியும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார், வீட்டில் ஒரு சம்பளம்தான் வருகிறது என்றார். அதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

3.7. ரோகு இரண்டு மூன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாவாயக்கா அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் மீட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்தும் கழுவினேன்.

பிறகு சொல்லிவிட்டேன். பரிசலிலேயே சொன்னேன். இந்த எண்ணெய் மக்கும்போது தண்ணீரில் இருக்கிற காற்றை எல்லாம் எடுத்துக்கொள்ளும், வெயில் இருக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்கும், வானம் மூடினால் மீன் தாங்காது, இன்றைக்கே வலை போட்டுவிடுங்கள் என்றேன்.

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கரையில நின்னு கெடுதல் இல்லைன்னீங்க. இன்னிக்கு மீனெல்லாம் செத்துரும்கறீங்க. இதுல எது நெசமுங்க அம்மிணி?"

"ரெண்டுமே நெசந்தாங்கக்கா."

"அதெப்படிங்க ரெண்டும் நெசமாகும்?"

மறுபடியும் விளக்கினேன். அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். விளங்குவது வேறு, நம்புவது வேறு.

மாரப்பன் நம்பவே இல்லை. கரைக்கு வந்ததும் அவர் என்னிடம் பேசாமல் அண்ணியிடம் பேசினார், எனக்குக் கேட்கிற மாதிரி. இது கம்பெனி போடுகிற கணக்கு, மீனைப் பிடித்து விற்றுவிட்டால் நாளைக்கு நஷ்டம் என்று கேட்க நம்மிடம் ஒன்றும் இருக்காது, அதற்குத்தான் இந்தப் பொம்பளையை அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பாவாயக்கா ஒரு நாள் மட்டும் வலை போடச் சம்மதித்தார். எனக்காக இல்லை, மீன் மேலே வந்ததை அவர் கண்ணால் பார்த்ததற்காக. ஈரோட்டு வியாபாரி வந்து, மீன் எண்ணெய் வாடை அடிக்கிறதா என்று ஒன்றை அங்கேயே வறுக்கச் சொல்லித் தின்று பார்த்தார். வாடை இல்லை. ஆனாலும் விஷயம் தெரிந்துவிட்டதால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார். மூன்று இழுப்பு இழுத்தார்கள். மத்தியானத்தில் மாரப்பன் வந்து வலையைச் சுருட்டச் சொல்லிவிட்டார். இன்னும் எடை கூடாத மீனை இப்படி வாரிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்திருக்கும்.

பாவாயக்கா வீட்டில் சாப்பிட்டேன். மீன் குழம்பு இல்லை, பச்சைப்பயறுக் கடைசல். அவருடைய வீட்டுக்காரர் சென்னிமலையில் தறி ஓட்டுகிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன். வேறெதுவும் கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டார். நேற்று இரவும் நன்றாகத் தூங்கினேன். இந்த அறைக்கு வந்ததிலிருந்து தினமும் நன்றாகத் தூங்குகிறேன், ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வானம் மூடிவிட்டது. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வெயில் இல்லையென்றால் பாசி ஆக்சிஜன் விடாது.

2.4. காற்றுச் சக்கரம் பற்றிக் கேட்டேன். மும்பையில் அந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறாராம்.

கேட்டுப் பயனில்லை என்று பாவாயக்கா தோட்டத்துக்காரர்களிடம் போய் நான்கு டீசல் எஞ்சின் வாங்கி வந்தார். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி மேலே பீய்ச்சியடித்தோம். தண்ணீர் காற்றில் சிதறி விழுந்தால் கொஞ்சம் ஆக்சிஜன் சேரும். குழாயைப் பிடித்தபடி நானும் சேற்றில் நின்றேன். மாரப்பனும் வந்து ஒரு எஞ்சினைப் பார்த்துக்கொண்டார். என்னிடம் பேசவில்லை. ஆனால் டீ வாங்கி வரச் சொன்னபோது எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

நவம்பர் 12, புதன்

கையெல்லாம் வலிக்கிறது. இருந்தாலும் இதை எழுதிவிட வேண்டும்.

விடியும்போது நான் பரிசலில் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியம் இல்லை. கரையிலிருந்தே தெரிந்தது. முதலில் நுரை ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போனால் வயிறு. குளத்தின் தெற்குப் பக்கம் முழுக்க வெள்ளை வயிறு. கட்லாக்கள் பெரியவை, அவை முதலில் போயிருந்தன. ரோகு இன்னும் சில உயிரோடு தலையை மேலே நீட்டி, காற்றைக் கடிப்பது மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓடிய இடத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். அந்த வட்டத்துக்குள் இருந்தவை மட்டும் பிழைத்தன. விரால் ஒன்றும் சாகவில்லை, அது மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கிற மீன்.

மீட்டரை இறக்கினேன். 0.6.

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன், என் கால்விரல் தெரிந்தது.

பாவாயக்கா அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தார். உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தார். நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு கூடை நிறைந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரையேற்றினோம். எத்தனை கூடை என்று எண்ணவில்லை. மாரப்பன் மதகின் மேல் உட்கார்ந்திருந்தார். வலையைச் சுருட்டச் சொன்னது அவர்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததே அவருக்குப் பாரமாக இருந்திருக்கும். மத்தியானம் வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

தண்டபாணி சாருக்குச் சொன்னேன். படம் எதுவும் எடுக்க வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

குழி வெட்டிப் புதைத்தார்கள். மழை.

நவம்பர் 15, சனி

வீட்டுக்கு வந்தேன். தொட்டியில் பதினொரு நாள் பாத்திரம். சாம்பார் பாத்திரத்தில் பூஞ்சை பச்சையாகப் படர்ந்திருந்தது. தினகர் கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்தேன். எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. சாரிடம் எதையாவது பேசி வைத்தாயா என்றுதான் கேட்டார்.

திரும்பவும் குளத்துக்குத் திங்கட்கிழமை போக வேண்டியவள் ஞாயிறே கிளம்புகிறேன். அளவு எடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

காற்றுச் சக்கரம் நான்கு வந்து இறங்கியது.

நவம்பர் 26, புதன்

வெயில் நன்றாக அடிக்கிறது. ஆக்சிஜன் 6.3. அரசு ஆய்வகத்திலிருந்து வந்து மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். ஊர்க்காரர்கள் மனு கொடுத்துக் கொடுத்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் எதைத் தேடுகிறார்களோ அது இனிக் கிடைக்காது. கடைசிச் சொட்டு வரை மக்கிவிட்டது. எங்கள் எண்ணெய் நல்ல எண்ணெய். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. ஒரு பக்கம் தண்டபாணி சார், வக்கீல், நான். எதிரே பாவாயக்காவும் மாரப்பனும். மாரப்பன் புது வேட்டி கட்டியிருந்தார்.

ஆய்வக அறிக்கையைப் படித்தார்கள். எண்ணெயோ அதன் மிச்சமோ எங்கும் கண்டறியப்படவில்லை. தண்ணீர் நல்ல நிலையில் இருக்கிறது. மழைக்காலத்தில் வானம் மூடியிருந்தால் குளங்களில் மீன் சாவது வழக்கம்தான் என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். அதுவும் பொய் இல்லை. இன்றைக்கு அந்த அறையில் யாருமே பொய் சொல்லவில்லை.

கோட்டாட்சியர் இளவயதுப் பெண். களைத்த முகம். என்னைப் பார்த்து, இந்த எண்ணெய் மக்கக்கூடியதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. காரில் வரும்போதே சார் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"மக்கும் மேடம்" என்றேன். "மக்கினதாலதான் மீன் செத்துச்சு."

பேனா நின்றது. விளக்கமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நாள்தோறும் விடியலில் அளந்த எண்களையும் சொன்னேன். வானம் மூடியதும் உண்மைதான், எண்ணெய் விழாமல் இருந்திருந்தால் அந்த மூட்டத்தைக் குளம் தாங்கியிருக்கும் என்றேன். கம்பெனிக்கு முன்கூட்டியே சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். தண்டபாணி சார் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள், ஒருத்திக்குத் தை மாதம் கல்யாணம். கெட்ட மனிதர் இல்லை.

செத்த மீனுக்குக் கம்பெனி ஈடு தர வேண்டும், எவ்வளவு என்று மீன்வளத் துறை மதிப்பிடும் என்று உத்தரவானது. மேல்முறையீடு செய்வோம் என்று வக்கீல் படியிறங்கும்போதே சொன்னார். காரில் எனக்கு இடம் இருந்தது. பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் பாவாயக்கா வந்து உட்கார்ந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத வருகிறது. கொஞ்சம் எதிர்பார்த்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கையில் உருட்டியபடி பேசினார்.

"இன்னிக்குச் சொன்னீங்களே, மக்கும், அதனாலதான் செத்துச்சுன்னு. அதை மொத நாளே கரையில வெச்சு அப்படியே ஒண்ணாச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பனுங்க அம்மிணி. ஒண்ணைச் சொல்லி, நாலு நாள் கழிச்சு இன்னொண்ணைச் சொன்னீங்க. நான் எதைப் புடிச்சுக்கறது?"

அன்றைக்குக் கரையில் ஆமாங்க மக்கிடும் என்று சொன்னபோதே எனக்கு மீதி தெரியுமா? இந்த நோட்டில் அதை நான் எங்கும் எழுதவில்லை. அவரிடம் சொன்னேன், தெரியும் என்று.

பாவாயக்கா தலையாட்டினார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பஸ் வந்ததும் என் பையை எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 9, செவ்வாய்

வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. தினகர் ஐந்து நாளாகப் பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. மாவு மட்டும் கொஞ்சமாக, எனக்கு மட்டும் அரைத்தேன். அவர் பார்த்தார். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் 16, செவ்வாய்

புது அறையில் முதல் வேலை. டேங்கர் ஓட்டுநர்களிடம் தமிழில் ஒரு பாதுகாப்புத் தாள் கொடுத்து வைக்க வேண்டும் என்று கோட்டாட்சியர் உத்தரவில் இருக்கிறதாம். எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது, கண்ணில் பட்டால் என்ன செய்வது. சுற்றுச்சூழல் என்ற இடத்தில் பழைய ஆங்கிலத் தாளில் ஒரே வரிதான், எளிதில் மக்கக்கூடியது.

காலையிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு வாக்கியமாக எழுதினேன். மக்கும் என்று ஒன்று, ஆக்சிஜன் குறையும் என்று ஒன்று. படித்துப் பார்த்தேன். இரண்டாவதை யாராவது சுலபமாக அடித்துவிடலாம். இடம் போதவில்லை என்று ஒரு காரணம் போதும். மறுபடி எழுதினேன். கடைசியில் இப்படி வந்தது.

"குளம், குட்டை, ஏரித் தண்ணீரில் எளிதில் மக்கும்போதே அந்தத் தண்ணீரின் ஆக்சிஜனை எடுத்துத் தீர்த்து மீன்களைக் கொல்லக்கூடிய எண்ணெய் இது என்பதால், கொட்டிய அன்றே மீன் வளர்ப்பவர்களுக்குச் சொல்லவும்."

நல்ல தமிழ் இல்லை. மூச்சு வாங்குகிறது. அப்படியே அனுப்பினேன்.

மூன்று மணிக்குத் தண்டபாணி சார் போன் செய்தார். விசாரணைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. கோபமாக இல்லை, அலுப்பாகத்தான் இருந்தார். வரி ரொம்ப நீளமாக இருக்கிறது, ஓட்டுநர்கள் படிக்க மாட்டார்கள், மும்பைக்காரர்கள் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்றார்.

"எங்கே வெட்டறதுன்னு தெரியலைம்மா. நீங்களே ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துருங்க."

"அது ரெண்டாப் பிரியாதுங்க சார்" என்றேன்.